தன்னைத் தானே எடைபோடுதல்



துணியை முழத்தால் அளக்கிறோம். நெல்லை மரக்காலால் அளக்கிறோம். பொன்னைத் தராசில் இட்டு நிறுக்கிறோம். இவற்றிலெல்லாம் அளக்கின்றவர் ஒருவர், அளக்கப்படும் பொருள் வேறொன்று. ஆயின் இக்காலத்து அலுவலகங்களிலும் ஆலைகளிலும் கல்லூரிகளிலும் புதுமையான நிறுவை ஒன்று நடைபெற்று வருகிறது. ஆண்டு முடிவில் ஊழியர் ஒவ்வொருவரிடமும் ஒரு படிவத்தைக் கொடுத்து, 'சென்ற ஆண்டில் நீர் செய்த பணி யாது? அதனை எவ்வளவு செம்மையாகச் செய்தீர்? உம்முடைய பணிக்கு நீரே மதிப்பெண் இடுக' என்று கேட்கின்றனர். இங்கே தராசும் அவரே. தராசில் ஏறி நிற்கும் பொருளும் அவரே.

இன்று பள்ளியிலும் கல்லூரியிலும் பயிலும் நீங்கள் சில ஆண்டுகளில் இப்படிவத்தின்முன் அமரப் போகிறீர்கள். உங்கள் ஊதிய உயர்வும் பதவி உயர்வும் ஓரளவுக்கு அதில் நீங்கள் எழுதும் வரிகளைச் சார்ந்து நிற்கும். கூட்டி எழுதினால் தற்பெருமை என்று பிறர் நகைப்பர். குறைத்து எழுதினால் அதையே உண்மையென்று கொண்டு உங்களைப் பின்னே தள்ளிவிடுவர். ஆகவே இவ்வழக்கம் எப்படித் தோன்றி வளர்ந்தது, அதில் மனிதர் எங்கெங்கே வழுவினர், எப்போது அது நேர்மையாக நடந்தது என்பவற்றை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்ந்து பார்ப்பது பயனுடைய செயலாகும்.

முதலில் சீன நாட்டுக்குச் செல்வோம். 1368 முதல் 1644 வரை அங்கே மிங் மரபினர் ஆட்சி புரிந்தனர். பரந்த அந்நாட்டைத் தேர்வெழுதித் தேறிய அதிகாரிகள் ஒன்பது படிநிலைகளில் நின்று ஆண்டு வந்தனர். அவர்களைச் சோதித்தறிய முறையான ஏற்பாடுகள் இருந்தன. பேராசை, கொடுமை, நிலையற்ற போக்கு, திறமைக் குறைவு, முதுமை, நோய், ஊக்கமின்மை, ஒழுக்கத்தில் கவனக் குறைவு என்று எண்வகைக் குறைகளை வகுத்து, அவற்றுள் எது எவரிடம் உள்ளது என்று ஆராய்ந்தனர். தலைநகர் அதிகாரிகளுக்கு ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறை இச்சோதனை நடைபெறுவது வழக்கமாயிற்று. கீழ்ப்படிநிலையில் உள்ளவர்களை அமைச்சகத்தார் மதிப்பிட்டனர். நான்காம் படிக்கு மேற்பட்ட பெரிய அதிகாரிகளோ தம்மைப் பற்றித் தாமே அறிக்கை எழுதிப் பேரரசரிடம் அளிக்க வேண்டும். அதைப் படித்துப் பேரரசர் முடிவு செய்வார்.

ஏட்டளவில் இது மிகச் சிறந்த ஏற்பாடாகவே தோன்றும். உயர்ந்த பதவியில் இருப்பவர் தம் குறைகளைத் தாமே எண்ணிப் பார்க்கட்டும் என்பது அதன் நோக்கம். நடைமுறையில் நிகழ்ந்தது வேறு. அவ்வறிக்கைகளில் தம்மைத் தகுதியற்றவர் என்று பணிவுடன் கூறிக்கொண்டு, பதவியினின்று விடுவிக்குமாறு வேண்டுவது ஒரு மரபாகவே ஆகிவிட்டது. எழுதுபவருக்கும் அது சடங்கு. படிப்பவருக்கும் அது சடங்கு. வாழ்வையும் வீழ்வையும் ஒரே கையில் வைத்திருக்கும் பேரரசரிடம், 'இன்ன செயலை நன்கு செய்தேன்; இன்ன செயலில் இவ்வளவு தவறினேன்' என்று எவர் துணிந்து எழுதுவார்? அச்சம் உள்ள இடத்தில் பணிவுச் சொற்கள் பெருகும், செய்திகள் குறையும். மிங் அரசவை நமக்குக் காட்டும் முதற்பாடம் இதுவே.

அடுத்து அமெரிக்க நாட்டைப் பார்ப்போம். பெஞ்சமின் பிராங்கிளின் 1706-இல் பாஸ்டன் நகரில் பிறந்தவர். பிலடெல்பியாவில் அச்சுத் தொழில் நடத்தியவர். பிற்காலத்தில் அறிவியலறிஞராகவும் அரசியலறிஞராகவும் புகழ் பெற்றவர். இளமையில், 1730-ஆம் ஆண்டையொட்டிய காலத்தில், அவர் தம்மைத் தாமே சோதித்துக்கொள்ள ஒரு திட்டம் வகுத்தார். உணவில் அளவு, பேச்சில் அடக்கம், ஒழுங்கு, உறுதி, சிக்கனம், உழைப்பு என்று நற்பண்புகளைப் பட்டியலிட்டார். ஒரு சிறு குறிப்பேட்டில் கிழமை ஏழுக்கும் ஏழு கட்டங்களும் பண்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசையும் வரைந்துகொண்டார். அன்றன்று இரவில் எண்ணிப் பார்த்து, எந்தப் பண்பில் தவறினாரோ அந்தக் கட்டத்தில் ஒரு கரும்புள்ளி இட்டார். வாரத்துக்கு ஒரு பண்பில் தனிக் கருத்துச் செலுத்தினார். பதின்மூன்று வாரங்களில் ஒரு சுற்று முடியும். ஆண்டுக்கு நான்கு சுற்றுகள்.

இத்திட்டத்தில் மூன்று செய்திகள் நம் கருத்துக்கு உரியவை. முதலாவது, தம்மிடம் இவ்வளவு குறைகள் இருக்கும் என்று தாம் எண்ணியதே இல்லை என்று அவரே வியந்து எழுதியுள்ளார். நாள்தோறும் புள்ளியிட்ட பின்னரே மனத்தின் பொதுவான நல்லெண்ணம் கலைந்து, உண்மை வெளிப்பட்டது. பழைய புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டித் தாளில் ஓட்டைகள் விழுந்துவிட்டமையால், பின்னர்த் தந்தத் தகடுகளால் ஆன குறிப்பேட்டில் அக்கட்டங்களை வரைந்துகொண்டு, ஈரப் பஞ்சால் துடைத்துத் துடைத்துப் பயன்படுத்தினார்.

இரண்டாவது செய்தி இன்னும் சுவையானது. அவர் முதலில் எழுதிய பட்டியலில் பன்னிரண்டு பண்புகளே இருந்தன. நண்பர் ஒருவர், 'உம்மைச் செருக்குடையவர் என்று பலரும் கருதுகிறார்கள். உரையாடும்போது பிறரை அடக்கிப் பேசுகிறீர்' என்று அன்போடு எடுத்துக் காட்டினார். அதன் பின்னரே பணிவு என்பது பதின்மூன்றாவதாகச் சேர்ந்தது. இவ்வளவு நுட்பமாகத் தம்மை ஆராய்ந்த அறிஞருக்கும் தம்முடைய பெருங்குறை ஒன்று கண்ணுக்குப் படவில்லை. அதைக் காட்ட மற்றொருவர் கண் தேவையாயிற்று.

மூன்றாவது, ஒழுங்கு என்ற பண்பில் அவர் எவ்வளவு முயன்றும் முழு வெற்றி பெறவில்லை. அதைப் பற்றிப் பேசுமிடத்தில் கோடரி வாங்கிய ஒருவன் கதையை அவர் கூறுகிறார். வாய்ப்பகுதி பளபளப்பது போலவே கோடரி முழுவதும் பளபளக்க வேண்டும் என்று கொல்லரிடம் கேட்டான் அவன். சாணைச் சக்கரத்தை நீயே சுற்று என்றார் கொல்லர். சுற்றிச் சுற்றிக் கை சலித்தபின், புள்ளி புள்ளியாக இருக்கும் கோடரியே தனக்குப் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டானாம். நம் குறைகளை நாமே மதிப்பிடும்போது, திருத்தும் உழைப்புக்கு அஞ்சிக் குறையையே அழகென்று கொள்ளும் மனப்போக்கை இக்கதை நன்கு புலப்படுத்துகிறது.

பிராங்கிளின் குறிப்பேடு அவருக்கு மட்டும் உரியது. அதைப் பார்த்து எவரும் அவருடைய கூலியைக் கூட்டவோ குறைக்கவோ இல்லை. தொழிற்சாலையில் பலர் கூடி வேலை செய்யும்போது மதிப்பீடு எவ்வடிவம் கொண்டது என்பதை அறிய, ஸ்காட்லாந்து நாட்டின் நியூ லானர்க் பஞ்சாலைக்குச் செல்ல வேண்டும். 1800-இல் அவ்வாலையின் நிர்வாகத்தை ஏற்றவர் இராபர்ட் ஓவன் என்னும் சீர்திருத்தவாதி. தொழிலாளரை அடித்தும் ஏசியும் வேலை வாங்குவது அக்காலத்தில் எங்கும் பரவியிருந்தது. ஓவன் அதனை வெறுத்தார். ஒவ்வொரு தொழிலாளியின் அருகிலும் நான்கு பக்கங்கள் கொண்ட ஒரு சிறு மரக்கட்டையைத் தொங்கவிட்டார். அதன் ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் மஞ்சள், ஒரு பக்கம் வெள்ளை. முந்திய நாளின் நடத்தை தீயதாயின் கறுப்பும், சுமாராயின் நீலமும், நன்றாயின் மஞ்சளும், மிக நன்றாயின் வெள்ளையும் முன்புறம் தெரியுமாறு மேற்பார்வையாளர் திருப்பி வைப்பார். பேசாத கண்காணிப்பாளன் என்பது இக்கட்டைக்கு வழங்கிய பெயர். அன்றாடக் குறிகளைப் பதிவதற்குத் தனி ஏடுகளும் இருந்தன.

ஓவன் ஆலையைச் சுற்றி வரும்போது எவரையும் கடிந்து பேசுவதில்லை. கட்டையின் நிறத்தைப் பார்ப்பார், ஆளைப் பார்ப்பார், நடந்துவிடுவார். தொடக்கத்தில் கறுப்பு மிகுந்திருந்தது என்றும், மெல்ல மெல்ல நீலமும் மஞ்சளும் வெள்ளையும் பெருகின என்றும் அவர் தம் வரலாற்றில் எழுதியுள்ளார். இம்முறையில் ஒரு நீதி இருந்தது. தமக்கு இட்ட நிறம் தவறு என்று கருதும் தொழிலாளி, அது ஏட்டில் ஏறுமுன் ஓவனிடமே வந்து முறையிடலாம். குறி வெளிப்படையாகவும் இருந்தது. மறுத்துரைக்க வாயிலும் இருந்தது. ஆயினும் ஒரு குறை இருந்ததை நாம் மறைக்க வேண்டியதில்லை. கட்டையைத் திருப்பும் கை தொழிலாளியின் கை அன்று. தம்முடைய நிறம் எதுவென்று அவரை ஒருவரும் கேட்கவில்லை.

அவரைக் கேட்க வேண்டும் என்ற எண்ணம் தொழில் நிர்வாக நூல்களில் வலுப்பெற்றது இருபதாம் நூற்றாண்டின் நடுவில்தான். 1954-இல் பீட்டர் டிரக்கர் என்பார் தொழில் நிர்வாகத்தைப் பற்றி எழுதிய நூலில், குறிக்கோள்களை முன்னரே வகுத்துக்கொண்டு அவற்றை நோக்கித் தன்னைத் தானே ஆண்டுகொள்ளும் முறையை விளக்கினார். 1957-இல் டக்ளஸ் மக்கிரகர் என்னும் பேராசிரியர், மேலதிகாரி ஒருவர் கீழ்ப்பணியாளரின் தகுதியைக் குறித்து நீதிபதி போல் தீர்ப்பளிப்பது முறையன்று என்றும், ஊழியரே தம் குறிக்கோளை வகுத்து, காலம் முடிந்தபின் தம் பணியைத் தாமே மதிப்பிட்டு, அதனை மேலதிகாரியுடன் கலந்து பேசவேண்டும் என்றும் எழுதினார்.

நல்ல கருத்துத்தான், ஆனால் மனித மனத்தின் இயல்பு அவ்வளவு எளிதில் வழிக்கு வருவதாக இல்லை. ஜெனரல் எலக்ட்ரிக் என்னும் பெருந்தொழில் நிறுவனத்தில் நடந்த ஓர் ஆராய்ச்சி 1965-இல் வெளியாயிற்று. அதில் பங்குகொண்ட 92 ஊழியர்களிடம் அவரவர் பணித்தரத்தைக் கேட்டபோது, தம்மைச் சராசரிக்குக் கீழே வைத்துக்கொண்டவர் இருவரே. மற்றத் தொண்ணூற்றுவரும் சராசரியிலோ அதற்கு மேலோ தம்மை நிறுத்தினர். இப்படி எண்ணியிருப்பவரிடம் ஆண்டுக்கொருமுறை குறைகளை எடுத்துச் சொன்னால் என்ன விளையும்? அவர் திருந்துவதை விட்டுத் தம்மைக் காத்துக்கொள்ளவே முயன்றார் என்று அவ்வாராய்ச்சி கண்டது. ஆகவே ஊதியத்தைப் பற்றிப் பேசும் வேளையும் திருத்தத்தைப் பற்றிப் பேசும் வேளையும் வெவ்வேறாக இருத்தல் வேண்டும் என்று அதனை நடத்தியவர்கள் பரிந்துரைத்தார்கள். காசு கையில் ஏறுமா ஏறாதா என்று நெஞ்சு துடிக்கும்போது எவரும் தம் குறையை மனந்திறந்து பேசமாட்டார் என்பது நாமும் எளிதில் உணரக்கூடிய உண்மையே.

தன்னை மிகுத்து மதிப்பிடுவது செருக்கினால் மட்டும் விளைவதும் அன்று. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குருகர், டன்னிங் என்னும் உளவியலறிஞர் இருவர் 1999-இல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். மாணவர்களுக்குத் தருக்கம், இலக்கணம் முதலியவற்றில் தேர்வு வைத்து, தாம் எந்த இடத்தில் இருப்பதாக எண்ணுகிறார்கள் என்று கேட்டனர். நூறு பேரைத் தர வரிசையில் நிறுத்தினால் கீழிருந்து பன்னிரண்டாம் இடத்தை அடுத்து நிற்கவேண்டியவர்கள், தாம் அறுபத்திரண்டாம் இடத்தை அடுத்து நிற்பதாக எண்ணினார்கள். மிகச் சிறந்த மாணவர்களோ தம் இடத்தைச் சற்றுக் குறைத்தே எண்ணினார்கள். ஒரு கலையைச் செய்வதற்கு எந்த அறிவு வேண்டுமோ, அதே அறிவுதான் அதில் நேர்ந்த பிழையைக் காண்பதற்கும் வேண்டும். அவ்வறிவு இல்லாதவருக்குத் தம் பிழை புலப்படுவதில்லை. பின்னர் அம்மாணவர்களுள் சிலருக்குத் தருக்கத்தில் சிறிது பயிற்சி அளித்தபோது, அவர்கள் தம்மைப் பற்றிச் சரியாக மதிப்பிடத் தொடங்கினார்கள். கற்றலே தராசைச் சீர்படுத்துகிறது என்பது ஓர் ஆசிரியனுக்கு மகிழ்ச்சி தரும் முடிவு.

மறுபக்கத்தையும் கவனிக்க வேண்டும். தன்னைக் குறைத்து மதிப்பிடுவோரும் உளர். அவர்கள் இழப்பதும் மிகுதி. எக்ஸ்லி, கெஸ்லர் என்னும் பொருளாதார அறிஞர் இருவர் 2022-இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றில், ஒரே தேர்வில் ஒத்த மதிப்பெண் பெற்ற ஆடவரையும் மகளிரையும் தம் திறமையைத் தாமே மதிப்பிடுமாறு கேட்டார்கள். மகளிர் தம்மைத் தாழ்த்தியே மதிப்பிட்டனர். பெற்ற மதிப்பெண் இன்னதென்று முன்னரே சொல்லிக் கேட்டபோதும் அவ்வேறுபாடு மறையவில்லை. அடக்கத்தைச் சிறு வயது முதலே கற்பிக்கும் குடும்பங்களிலிருந்து வரும் பிள்ளைகள், குறிப்பாகப் பெண்மக்கள், இதை மனத்திற் கொள்ளவேண்டும். செய்த வேலையைச் செய்ததாகக் கூறுவது தற்புகழ்ச்சி ஆகாது. கணக்குப் பிள்ளை வரவை வரவென்று எழுதுவதுபோன்ற கடமையே அது.

இனி நம் நாட்டு நிலைமைக்கு வருவோம். அரசுப் பணியில் நெடுங்காலமாக 'கான்பிடென்ஷியல் ரிப்போர்ட்' என்னும் இரகசியக் குறிப்பு வழங்கி வந்தது. மேலதிகாரி ஆண்டுதோறும் தம் கீழ்ப்பணியாளரைப் பற்றி எழுதுவார். பாதகமான குறிப்பாயின் தெரிவிப்பார்கள். மற்றவை உறையினுள் உறங்கும். 1966-இல் அமைந்த நிர்வாகச் சீர்திருத்த ஆணைக்குழு, 1969-இல் அளித்த அறிக்கையில் இரு கருத்துகளை முன்வைத்தது. இரகசியக் குறிப்பு என்ற பெயர் மாறிப் பணி அறிக்கை என்று வழங்கவேண்டும் என்பது ஒன்று. ஆண்டு முடிவில் அலுவலர் தாம் செய்த பணியை 300 சொற்களுக்கு மேற்படாமல் தாமே எழுதித் தரவேண்டும். மேலதிகாரி அதைப் படித்தபின் தம் கருத்தை எழுதவேண்டும் என்பது மற்றொன்று. முந்நூறு சொல் சிறிதுதான். ஆயினும் அதுவரை பிறர் எழுதப் பேசாதிருந்தவருக்குப் பேச ஓர் இடம் வேண்டும் என்ற கொள்கை அதில் அடங்கியிருந்தது.

உறைக்குள் உறங்கும் குறிப்பு எத்தகைய தீங்கு செய்யும் என்பதற்கு 2008-ஆம் ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு ஒன்று சான்று. சாலைப் பணியில் இருந்த பொறியாளர் ஒருவருக்கு ஓர் ஆண்டில் 'நன்று' என்று குறித்திருந்தார்கள். பதவி உயர்வுக்கோ 'மிக நன்று' என்ற குறிப்பு வேண்டும். 'நன்று' என்பது பழிச்சொல் அன்று என்பதனால் அதை அவருக்குத் தெரிவிக்கவும் இல்லை. அவ்வொரு சொல்லால் அவர் உயர்வை இழந்தார். வழக்கு முடியுமுன் ஓய்வும் பெற்றுவிட்டார். ஒருவரைப் பற்றி எழுதும் குறிப்பு எதுவாயினும் அதனை அவருக்குத் தெரிவித்தல் வேண்டும். அவர் மறுப்புக் கூற வாய்ப்பு அளித்தல் வேண்டும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நியூ லானர்க் ஆலைத் தொழிலாளி ஓவனிடம் சென்று முறையிடும் உரிமையை, ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னர் நம் நாட்டு அரசு ஊழியர் நீதிமன்றத்தின் வாயிலாகப் பெற்றார் எனலாம்.

இதற்கு முந்திய ஆண்டாகிய 2007-இல் அகில இந்தியப் பணி அலுவலர்களுக்குப் புதிய விதிகள் வந்திருந்தன. அவற்றின்படி அலுவலர் முதலில் தம் பகுதியை எழுதுகிறார்: தம் கடமைகள் யாவை, ஆண்டுக்கென வகுத்த இலக்குகள் யாவை, அவற்றுள் முடிந்தவை எவை, சிறப்பாகச் செய்தது யாது, இடையூறாக நின்றது யாது என்பன அதில் இடம்பெறும். அதன் பின்னரே மேலதிகாரிகள் ஒன்று முதல் பத்து வரை மதிப்பெண் இடுகின்றனர். நிறைவில் அறிக்கை முழுவதையும் அலுவலருக்குக் காட்டுகின்றனர். கல்லூரிகளைத் தரம் பார்ப்பதற்கென 1994-இல் ஏற்பட்ட தேசிய மதிப்பீட்டுக் குழுவும் கல்லூரியையே முதலில் தன்னைப் பற்றி அறிக்கை எழுதச் செய்வதும், அதன்பின் பிற கல்லூரி அறிஞர்களை அனுப்பி நேரிற் சரிபார்ப்பதும் வழக்கமாக இருந்து வந்தன. தன் கண்ணும் பிறர் கண்ணும் சேர்ந்து பார்க்கும் இம்முறையின் சாரம், பிராங்கிளினும் அவர் நண்பரும் செய்ததே.

இவ்வரலாறுகளை ஒருங்கு வைத்துப் பார்த்தால், தன்மதிப்பீடு நேர்மையாக நடப்பதற்கு மூன்று வேண்டும் என்று தெரிகிறது: அன்றாடம் எழுதிய பதிவு வேண்டும், குறை கூறத் தயங்காத பிறர் கண் வேண்டும், உண்மையை எழுதியவர் அதனால் கெட்டுப்போகார் என்ற நம்பிக்கை வேண்டும். முதல் இரண்டையும் ஊழியரே தேடிக்கொள்ளலாம். மூன்றாவதை மேலே இருப்பவர்கள்தாம் தரமுடியும். உங்களுள் பலர் நாளை மேலதிகாரிகளாக அமர்வீர்கள். 'இன்ன வேலையில் தவறினேன்' என்று ஒருவர் நேர்மையாக எழுதிய வரியை எடுத்து அவர்மீதே எறிவீர்களாயின், அடுத்த ஆண்டு அவ்வலுவலகத்தில் ஒருவரும் உண்மை எழுதமாட்டார். மிங் அரசவையின் பணிவுச் சொற்களே உங்கள் மேசைக்கு வந்து சேரும்.

எழுதும் முறையைப் பற்றியும் சில சொற்கள். 'கடுமையாக உழைத்தேன்', 'சிறப்பாகப் பணியாற்றினேன்' என்பவற்றால் படிப்பவர் எதையும் அறிவதில்லை. 'நூலகத்தில் பெயர்ப்பட்டியல் இல்லாதிருந்த நானூறு நூல்களுக்கு அட்டை எழுதினேன், எழுபது எஞ்சியுள்ளன, அட்டை தீர்ந்தமையால் நின்றது' என்று எழுதினால் செய்ததும் தெரியும், செய்யாததும் தெரியும், காரணமும் தெரியும். உரிச்சொற்களை விலக்கிச் செயல்களை எழுதுபவர் கூட்டவும் இடமில்லை, குறைக்கவும் இடமில்லை. மதிப்பெண்ணை அதன்பின் இடலாம்.

இப்பழக்கத்துக்கு அலுவலகம் செல்லும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நான் வகுப்பு நடத்திய காலத்தில் தேர்வுத் தாளைத் திருப்பித் தருமுன், ஒவ்வொருவரும் தாம் எதிர்பார்க்கும் மதிப்பெண்ணை ஒரு துண்டுத் தாளில் எழுதிவைக்கச் சொல்வதுண்டு. ஆண்டின் தொடக்கத்தில் எழுதிய எண்ணும் தாளில் இருந்த எண்ணும் வெகுதூரம் விலகி நிற்கும். மூன்றாம் தேர்வுக்குள் பலருக்கு அவ்விரண்டும் நெருங்கி வந்துவிடும். நீங்களும் அடுத்த தேர்வு முடிந்த மாலையிலேயே வினா வினாவாக உங்கள் மதிப்பெண்ணை ஒரு குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். தாள் கைக்கு வந்ததும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்த வினாவில் வேறுபாடு மிகுதியோ, அந்தப் பாடத்தை மறுநாள் ஆசிரியரிடம் கொண்டுபோய்க் கேளுங்கள்.